செல் மேல் இருக்கும் சர்க்கரை வேறு, காபியில் போடும் ஜீனி வேறு

போன தை மாசக் கடைசி. சம்பா அறுப்பு முடிந்து, வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற நாட்கள். பாபநாசம் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகனும், கும்பகோணத்தில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார்கள். பெரியவருக்குக் கண் நல்ல மஞ்சள். பத்து நாளைக்கு முன் எடுத்த சீட்டில் சிஏ 19-9 என்ற வரியில் 312 என்றும், 37-க்குள் இருக்க வேண்டும் என்றும் அச்சிட்டிருந்தது. அது கேன்சருக்குப் பார்க்கிற டெஸ்ட் என்று ஒருவர் சொல்ல, அது ஏதோ சர்க்கரையை அளக்கிற டெஸ்ட் என்று இன்னொருவர் சொல்ல, வீட்டில் அன்றைக்கே ஜீனி டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். சோறும் ஒரு வேளையாகிவிட்டது.

“தம்பி, கேன்சர் செல்லு மேல சர்க்கரை இருக்குங்கிறீங்க, அதைத்தான் அளக்கிறோம்ங்கிறீங்க. அப்ப சர்க்கரையை நிறுத்தினா நம்பர் இறங்கணுமில்ல? பத்து நாளா அப்பா காபியில ஒரு துளி ஜீனி போடலையே?” என்றார் மகன்.

அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. நாம் பேசுகிற சொல்லில்தான் சிக்கல். பின்னால் எட்டு பேர் வரிசையில் நின்றதால் அன்றைக்கு அவரிடம் முழுசாகச் சொல்ல முடியவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரே சொல், நாலு பொருள்

நம்ம பக்கம் சர்க்கரை என்று சொன்னால் கடைக்காரர் நாட்டுச் சர்க்கரையை எடுத்துத் தருவார். வெள்ளையாக இருப்பது ஜீனி. “அவருக்குச் சர்க்கரை இருக்கு” என்றால் அது நோய். இந்த மூன்றும் போக, வேதியியல்காரர்கள் சர்க்கரை என்று சொல்வது நாலாவது பொருளில். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் சேர்ந்து வளையமாக நிற்கும் ஒரு பெரிய குடும்பத்துக்கே அவர்கள் வைத்த பெயர் அது. டிரிப்ஸ் பாட்டிலில் ஏறுகிற குளுக்கோஸ் அந்தக் குடும்பத்தில் ஒன்று. பாலில் இருக்கிற காலக்டோஸ் இன்னொன்று. வாழ்நாளில் பெயரைக்கூடக் கேட்டிராத மன்னோஸ், ஃப்யூகோஸ், சயாலிக் அமிலம் எல்லாமும் அதே குடும்பம்தான். இவற்றில் பல நாக்கில் இனிக்கக்கூட இனிக்காது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் மேலும், இந்தக் குடும்பத்துச் சர்க்கரைகள் ஒன்றோடு ஒன்று கோத்துச் சங்கிலியாகவும் கிளையாகவும் ஒரு போர்வை போல நிற்கின்றன. அப்படிக் கோத்த ஒரு சங்கிலிக்குப் பெயர் கிளைக்கான். நெருங்கிப் பார்த்தால் நாற்று விட்ட வயல் மாதிரி: கீழே சேறு, அதுதான் செல்லின் மேல்தோல், அதிலிருந்து நெருக்கமாக எழும்பி நிற்பவை கிளைக்கான்கள்.

அப்படியானால் “கேன்சர் செல் சர்க்கரையைத் தின்னும்” என்கிறார்களே, அது? அதுவும் ஓரளவு உண்மைதான், ஆனால் வேறு கதை. கேன்சர் செல்கள் குளுக்கோஸை வழக்கத்துக்கு மேல் எரிப்பதை 1920-களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கவனித்துவிட்டார். இன்றைய பெட் ஸ்கேன் அந்தப் பசியை வைத்துத்தான் படம் எடுக்கிறது. ஆனால் ஜீனியை நிறுத்தினால் ரத்தத்தில் குளுக்கோஸ் நின்றுவிடாது. நாம் பட்டினி கிடந்தாலும் கல்லீரல் தானே செய்து ஊற்றிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் மூளை நின்றுபோகும். நீரிழிவு உள்ளவர்கள் டாக்டர் சொன்னபடி ஜீனியைக் குறைக்கத்தான் வேண்டும். மற்றபடி, உடம்பு இளைத்துக்கொண்டிருக்கிற ஒருவரிடம் சோற்றுத் தட்டையும் பிடுங்கினால் இளைப்பதுதான் மிச்சம்.

இதுவரை சொன்னது: செல் எரிக்கிற குளுக்கோஸ் எரிபொருள், செல்லின் மேல் நிற்கிற கிளைக்கான் போர்வை. இந்தக் கட்டுரை முழுக்கப் போர்வையைப் பற்றியது.

இந்தச் சர்க்கரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்

டிரைவிங் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். ரத்த குரூப் போட்டிருக்கும். அந்த ஏ, பி, ஓ என்பது வேறொன்றுமில்லை, சிவப்பணுவின் மேல் நிற்கும் கிளைக்கானின் நுனியில் எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதுதான். ஏ குரூப்காரருக்கு நுனியில் ஒரு வகை (அசிட்டைல் காலக்டோசமைன் என்று பெயர்), பி குரூப்காரருக்குக் காலக்டோஸ், ஓ குரூப்காரருக்கு அந்த இடம் காலி. ஏபி என்றால் இரண்டும் உண்டு. இந்த வித்தியாசத்தை 1901-ல் எழுதி வெளியிட்ட கார்ல் லாண்ட்ஸ்டைனருக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள், ஏ-க்கும் பி-க்கும் நடுவில் இருப்பது ஒரு நுனிச் சர்க்கரையில் ஒரு சின்னத் துண்டு வித்தியாசம். அதற்கே மாற்றி ஏற்றினால் உயிர் போகிறது. ஒரு நுனிச் சர்க்கரையை உடம்பு அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறது. பி குரூப்காரர் ஜீனி சாப்பிடுவதை நிறுத்தினால் ஓ குரூப் ஆகிவிடுவாரா? மாட்டார். பாபநாசத்து அண்ணனின் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. போர்வையில் எந்தச் சர்க்கரை எங்கே நிற்கும் என்பதைத் தட்டு தீர்மானிப்பதில்லை, செல்லுக்குள் இருக்கிற வேலையாட்கள் தீர்மானிக்கிறார்கள்.

காவிரி பிரிவது மாதிரிப் பிரியும்

அந்த வேலையாட்களுக்குப் பெயர் நொதி. ஒரு குறிப்பிட்ட ரசாயன வேலையை மட்டும் செய்யத் தெரிந்த புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொதிக்குக் காலக்டோஸை ஒட்டத் தெரியும், இன்னொன்றுக்குச் சயாலிக் அமிலத்தை ஒட்டத் தெரியும், வேறொன்று கிளை பிரித்துவிடும், சில நொதிகள் இருப்பதை வெட்டியும் விடும்.

புரதம் தயாராவது நேர் வழி. டிஎன்ஏவில் வரிசை எழுதியிருக்கிறது, அதைப் பார்த்து அப்படியே கோக்க வேண்டியதுதான். கிளைக்கானுக்கு அப்படி ஓர் எழுத்துப் பிரதி கிடையாது. நான் இதைப் பாசனத்தை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று பேப்பரில் வந்துவிடும். ஆனால் அந்தத் தண்ணீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு எவ்வளவு போனது, கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் எப்படிப் பிரிந்தது, தென்பெரம்பூரில் வெட்டாற்றுக்கும் வடவாற்றுக்கும் எத்தனை ஷட்டர் தூக்கினார்கள், நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் என்ன கிடைத்தது, இதெல்லாம் சேர்ந்துதான் திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் இருக்கிற ஒருவர் வயலில் தண்ணீர் ஏறுமா என்பது முடிவாகும். மேட்டூர்க் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு கடைமடையைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு தலைப்பிலும் மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் என்ன செய்தார் என்று தெரிய வேண்டும்.

கிளைக்கானும் அப்படித்தான். நொதிகள்தான் லஸ்கர்கள். டிஎன்ஏவில் அந்த நொதிகளுக்கான குறிப்பு இருக்கிறது, ஆனால் எந்த நொதி எவ்வளவு வேலை செய்தது, யார் முந்தினார்கள், ஒட்டுவதற்குச் சரக்கு வந்து சேர்ந்ததா என்பதைப் பொறுத்துத்தான் கடைசியில் உருவம் வரும். ஒரே செல், ஒரே புரதம், ஆனால் அதன் மேல் நிற்கிற கிளைக்கான் இடத்துக்கு இடம் மாறும்.

எண்ணிக்கையைப் பார்த்தால் இன்னும் புரியும். மூன்று வெவ்வேறு அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் ஆறு விதம்தான் வரும். மூன்று வெவ்வேறு சர்க்கரைகளைச் சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேலே போய்விடும். ஏனென்றால் ஒரு சர்க்கரை வளையத்தில் ஒட்டுவதற்குப் பல மூலைகள் இருக்கின்றன, ஒவ்வொரு மூலையிலும் மேல்பக்கமாக ஒட்டலாம், கீழ்ப்பக்கமாகவும் ஒட்டலாம், கிளையும் விடலாம்.

இனிமேல் கிளைக்கானின் வேர்ப் பக்கத்தைத் தலைமடை என்றும் நுனியைக் கடைமடை என்றும் சொல்கிறேன், எனக்கும் உங்களுக்கும் வசதி.

கேன்சர் செல்லில் என்ன மாறுகிறது

செல் கெட்டுப்போகும்போது இந்த லஸ்கர்களின் வேலையும் குழம்புகிறது. சில மதகு அளவுக்கு மேல் திறந்து நிற்கும், சில அடைத்துப் போகும். அடிக்கடி பார்க்கப்படும் மாற்றங்கள் மூன்று நாலு உண்டு. ஒன்று, கடைமடையில் சயாலிக் அமிலம் அதிகமாகக் குவிவது. இரண்டாவது, கிளைகள் வழக்கத்தை விட அதிகமாகப் பிரிவது. மூன்றாவது இதற்கு நேர் எதிர், தூர் வாராத வாய்க்கால் மாதிரி ஓரிரு சர்க்கரையோடு சங்கிலி பாதியில் நின்றுபோவது. தலைமடையில் ஃப்யூகோஸ் புதிதாக வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு.

இதில் சயாலிக் அமிலம் குவிவதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் எதிர்ப்புச் செல்கள் ரோந்து போகும்போது, எதிரில் இருப்பது நம் ஆளா வெளியாளா என்று தொட்டுப் பார்க்கப் பல வழிகள் வைத்திருக்கின்றன. அதில் ஒன்று, சயாலிக் அமிலத்தைப் பிடித்துப் பார்க்கும் சிக்லெக் என்ற புரதம். சயாலிக் அமிலம் கையில் பட்டால் “நம்ம வீட்டு ஆள்தான், விடு” என்று சமிக்ஞை போகிறது. சாதாரண செல்லுக்கு இது பாதுகாப்பு. கேன்சர் செல் அதையே அளவுக்கு மீறிப் போர்த்திக்கொண்டால், பிடிபட வேண்டியது தப்பித்துவிடுகிறது. இந்தச் சயாலிக் அமிலத்தை உரித்துவிட்டால் எதிர்ப்புச் செல்லுக்குக் கண் தெரியுமா என்று இப்போது மருந்து ஆராய்ச்சி நடக்கிறது. போர்வையை அளக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்றால் காரணம் இதுதான். அது அடையாளச் சீட்டாகவும் இருக்கிறது, ஆயுதமாகவும் இருக்கிறது.

சுருக்கமாக: கிளைக்கானைக் கட்டுவது நொதிகள். கேன்சரில் நொதிகளின் வேலை மாறுவதால் போர்வையும் மாறுகிறது. மாறிய போர்வையை அளந்தால் செல்லைப் பற்றி ஏதோ தெரியும்.

சரி, எப்படி அளப்பது? நாலு வழிகளைச் சொல்கிறேன்.

பருப்பு, கொள்ளு, பலாக்கொட்டை

முதல் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் கருவி நம் அடுக்களையில் இருக்கிறது. விதைகளுக்குள் லெக்டின் என்ற புரதம் உண்டு. குறிப்பிட்ட ஒரு சர்க்கரை வடிவத்தை மட்டும் கைபோலப் பிடித்துக்கொள்கிற புரதம் அது. ஆமணக்கு விதைச் சாறு ரத்த அணுக்களைத் திரள வைப்பதை 1888-லேயே ஸ்டில்மார்க் என்பவர் எழுதிவைத்தார். ஏன் திரள்கிறது என்பது பிறகுதான் புரிந்தது: ஒரு லெக்டினுக்கு இரண்டு மூன்று கை இருக்கும், ஒரு கையில் ஓர் அணுவின் சர்க்கரையையும் அடுத்த கையில் இன்னோர் அணுவின் சர்க்கரையையும் பிடித்துக்கொண்டால் எல்லாம் ஒட்டி நிற்கத்தானே செய்யும்.

ரத்த வங்கியில் ஏ குரூப்பை ஏ1, ஏ2 என்று பிரிப்பதற்குப் பயன்படுவது கொள்ளில் இருந்து எடுத்த லெக்டின். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்த அணுக் கரைசல், பக்கத்தில் ஒரு சொட்டு கொள்ளு லெக்டின். குச்சியால் கலக்கிச் சில்லை மெல்ல இப்படி அப்படிச் சாய்க்க வேண்டும். ஏ1 என்றால், சிவப்பாக ஒரே சீராக இருந்த சொட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் மணலாகத் திரியும், பாலில் எலுமிச்சை பிழிந்தது போல. ஏ2 என்றால் அப்படியே வழவழவென்று இருக்கும். முதல் முறை அதைப் பார்த்த அன்று, ஒரு கொள்ளு விதைக்கு மனிதனின் ரத்தத்தை இனம் பிரிக்கத் தெரிகிறதே என்று நான் ரொம்ப நேரம் அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேன்சர் பக்கமும் இதே கதைதான். வேர்க்கடலை லெக்டினும் பலாக்கொட்டை லெக்டினும், பாதியில் நின்றுபோன குட்டைச் சங்கிலிகளைப் பிடிக்கும். மைசூர்ப் பருப்பின் லெக்டின், தலைமடையில் ஃப்யூகோஸ் ஒட்டியிருக்கிற கிளைக்கானைப் பிடிக்கும். இந்தக் கடைசி ஒன்று ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டது. ஏஎஃப்பி என்று ஒரு ரத்தப் புரதம், கல்லீரல் கேன்சரில் கூடும். ஆனால் சாதாரணக் கல்லீரல் அழற்சியிலும் கூடித் தொலைக்கும். புரதத்தின் அளவு மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அதனால் மொத்த ஏஎஃப்பியில் எத்தனை சதவீதம் மைசூர்ப் பருப்பு லெக்டினிடம் மாட்டுகிறது என்று பார்க்கிறார்கள். ஏஎஃப்பி-எல்3 என்று சீட்டில் வரும். 10 சதவீதத்துக்கு மேல் போனால் கல்லீரலைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கச் சொல்வார்கள். புரதம் அதேதான், அதன் மேல் நிற்கிற ஒரே ஒரு ஃப்யூகோஸ்தான் சேதி சொல்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். கொள்ளு ரசம் குடித்தாலோ பலாக்கொட்டை சாப்பிட்டாலோ இது எதுவும் உடம்புக்குள் நடக்காது. வேகவைத்தால் லெக்டின் பெரும்பாலும் செயலிழந்துவிடும், கூடத்தில் பயன்படுவது பிரித்துச் சுத்தம் செய்தது. குன்றிமணியிலும் ஆமணக்கிலும் இருக்கிற லெக்டின் கொடிய விஷம், வாயில் வைக்கவே கூடாது.

எடை போட்டுப் பார்ப்பது

லெக்டின் ஒரு வடிவம் இருக்கிறதா என்று சொல்லும். முழுச் சங்கிலியும் எப்படி இருக்கிறது என்று சொல்லாது. அதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்று ஒரு வழி. பெயர் மிரட்டும், காரியம் தராசுதான். மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்து வெற்றிடத்தில் பறக்கவிட்டு, எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பதை வைத்து எடை கணக்கிடலாம். லேசானது முந்தும், கனமானது பிந்தும். பெரிய உயிர்மூலக்கூறுகளை உடைக்காமல் இப்படிப் பறக்கவிடக் கற்றுக்கொடுத்ததற்காக ஜான் ஃபென்னுக்கும் கோய்ச்சி தனாகாவுக்கும் 2002-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

முதலில் செல்லின் புரதத்திலிருந்து கிளைக்கானை ஒரு நொதியால் கத்தரித்து எடுக்க வேண்டும். அப்புறம் தராசு. எடையின் அலகு டால்டன். ஒரு ஹைட்ரஜன் அணு ஏறக்குறைய ஒரு டால்டன். குளுக்கோஸின் எடை 180. சங்கிலியில் கோக்கும்போது ஒரு நீர் மூலக்கூறு, அதாவது 18, வெளியேறுவதால் ஒரு கண்ணியின் எடை 162. மன்னோஸுக்கும் அதே 162. அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற இன்னொரு கண்ணி 203. ஃப்யூகோஸ் 146. சயாலிக் அமிலம் 291. இந்த நாலு எண்ணும் தெரிந்தால் நீங்களே கணக்குப் போடலாம். பல கிளைக்கான்களுக்கு அடிப்பாகம் ஒன்றுதான்: மூன்று மன்னோஸ், இரண்டு அசிட்டைல் குளுக்கோசமைன். 486 கூட்டல் 406, கடைசியில் ஒரு நீர் 18, மொத்தம் 910. அடிப்பாகம் மட்டும் உள்ள கிளைக்கானுக்கு, கருவி வரைகிற படத்தில் 910-ல் ஒரு முகடு எழும். பக்கத்திலேயே 1056-ல் இன்னொரு முகடு எழுந்தால்? கழித்துப் பாருங்கள், 146. ஒரு ஃப்யூகோஸ் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது.

அழகான வேலைதான், ஆனால் கஷ்டமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த ஃப்யூகோஸ் தலைமடையில் இருக்கிறதா கடைமடையில் இருக்கிறதா என்று 1056 சொல்லாது. தஞ்சாவூர்க் கதம்பத்தைத் தராசில் வைத்தால் மொத்த எடை வரும். மருவுக்குப் பக்கத்தில் மல்லியா கனகாம்பரமா என்று தராசுக்கு எப்படித் தெரியும்? அதனால் சங்கிலியை வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டு உடைத்து, துண்டுகளையும் எடை போடுகிறார்கள். வேர்த்துண்டு 146 கூடுதலாக வந்தால் ஃப்யூகோஸ் தலைமடையில். நுனித்துண்டு கூடுதலாக வந்தால் கடைமடையில்.

அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. குளுக்கோஸ், காலக்டோஸ், மன்னோஸ் மூன்றும் ஒரே எடை. வளையத்தில் ஒரு மூலையில் இருக்கும் கை மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பது மட்டும்தான் வித்தியாசம். தராசுக்கு மூன்றும் ஒன்றுதான். இன்னொரு பொறி: இரண்டு ஃப்யூகோஸ் சேர்ந்தால் 292, ஒரு சயாலிக் அமிலம் 291. ஒரே ஒரு டால்டன். கவனம் தப்பினால் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடலாம். போதாக்குறைக்கு, சயாலிக் அமிலம் அளக்கும்போதே உதிர்ந்துவிடுகிற சுபாவம் உள்ளது. நமக்கு எது முக்கியமோ அது, வண்டியில் ஏற்றும்போதே கொட்டிப்போகிற நெல் மணி மாதிரி. அதனால் முன்கூட்டியே அதன் மேல் மெத்தில் என்ற சின்ன மூடியைப் போட்டுப் பத்திரப்படுத்திய பிறகுதான் தராசில் ஏற்றுவார்கள்.

இதுவரை: லெக்டின் தொட்டுப் பார்த்துச் சொல்கிறது, தராசு எடை போட்டுச் சொல்கிறது. ஒன்றில் தெரியாதது மற்றதில் தெரியும், அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

உயிரோடு இருக்கும் செல்லில் பார்ப்பது

மேலே சொன்ன தராசு வழியில் கிளைக்கானைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். உயிரோடு இருக்கும் செல்லில் போர்வை எப்படி வளர்கிறது என்று பார்க்க அமெரிக்காவின் கரோலின் பெர்டோசி ஒரு வழி கண்டுபிடித்தார். அசைடு என்ற சின்னக் கொக்கி மாட்டிய சர்க்கரையைச் செல்லுக்குக் கொடுப்பது. செல் அதைத் தன் சரக்கு என்று நம்பிச் சங்கிலியில் கோத்துவிடும். பிறகு அந்தக் கொக்கியில் மட்டுமே மாட்டுகிற ஒளிரும் சாயத்தை விட்டால், உடம்பில் வேறு எதோடும் சேராமல், போர்வையில் அந்தச் சர்க்கரை நிற்கிற இடமெல்லாம் ஒளிரும். 2022-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இது ஆராய்ச்சிக் கூடத்து வேலை, நம்ம ஊர்ச் சீட்டில் வராது. அதனால் இதோடு விடுகிறேன்.

சிஏ 19-9 சீட்டைப் படிப்பது

இப்போது பெரியவரின் 312-க்கு வருவோம்.

1979-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் விஸ்டார் ஆய்வகத்தில் ஹிலாரி கோப்ரோவ்ஸ்கியின் குழு, மனிதப் பெருங்குடல் கேன்சர் செல்லை எலிக்கு ஊசி போட்டு, அதற்கு எதிராக எலி தயாரித்த ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுத்தது. ஆன்டிபாடி என்றால் ஒரே ஒரு வடிவத்தைப் பிடிப்பதற்கென்று உடம்பு செய்கிற புரதம். லெக்டின் மாதிரிதான், ஆனால் பிடி இன்னும் குறிப்பானது. அதில் ஒரு ஆன்டிபாடியின் வரிசை எண்ணில் இருந்து வந்ததுதான் 19-9. பிறகு பார்த்தால் அது பிடித்தது நாலே நாலு சர்க்கரை சேர்ந்த ஒரு நுனி, கடைமடையில் சயாலிக் அமிலமும் பக்கத்தில் ஃப்யூகோஸும் உள்ளது. கணையம், பித்தக்குழாய் கேன்சர்களில் இந்த நுனி ரத்தத்தில் கூடுகிறது. நாங்கள் அளப்பது அதைத்தான். இதுதான் நான் சொன்ன நாலாவது வழி.

இந்த எண்ணைப் படிக்கும்போது மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நுனியைக் கேன்சர் செல் மட்டும் செய்வதில்லை. பித்தக்குழாயின் நல்ல செல்களும் செய்கின்றன, வழக்கமாக அது பித்தத்தோடு குடலுக்கு வடிந்துவிடும். கல் அடைத்துக்கொண்டால்? வடிகால் அடைத்த வயலில் தண்ணீர் ஏறுவது போல ரத்தத்தில் ஏறிவிடும். கண் மஞ்சளாக இருக்கும்போது எடுத்த சிஏ 19-9 எண்ணை அதனால்தான் டாக்டர்கள் தனியாக நம்புவதில்லை, கண்ணை மஞ்சளாக்குகிற பிலிருபின் என்ற பொருளின் அளவையும் ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

அடுத்தது இதற்கு எதிர்ப்பக்கம். அந்த ஃப்யூகோஸை ஒட்டுகிற நொதியே பிறவியில் வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள், நூற்றுக்குச் சுமார் 5 முதல் 10 பேர். லூயிஸ் என்று ஒரு ரத்த வகை உண்டு, ஏ, பி, ஓ போல இன்னொன்று. அந்த வகையில் நெகட்டிவாக இருப்பவர்கள் இவர்கள். அவர்களுக்கு அந்தத் தலைப்பில் லஸ்கரே கிடையாது. கணையத்தில் கேன்சர் முற்றியிருந்தாலும் இந்த எண் பெரும்பாலும் ஏறாது. ஆகவே எண் குறைவாக வந்தது என்பதற்காக “ஒன்றுமில்லை” என்று வீட்டுக்குப் போய்விட முடியாது. ஒரு தொந்தரவும் இல்லாதவருக்குச் சும்மா பார்த்துவைப்போமே என்று இந்த டெஸ்டை எடுக்கச் சொல்லி யாரும் பரிந்துரைப்பதில்லை, இரண்டு பக்கமும் ஏமாற்றும் என்பதால்தான். ஏற்கெனவே நோய் உறுதியாகி, வைத்தியம் நடக்கும்போது இறங்குகிறதா ஏறுகிறதா என்று தொடர்ந்து பார்ப்பதற்கு இது நல்ல துணை.

மூன்றாவது, சீட்டில் மில்லிகிராம் என்று இருக்காது, யூனிட் என்று இருக்கும். அது எடை இல்லை, ஆன்டிபாடி எவ்வளவு பிடித்தது என்பதன் கணக்கு. கம்பெனிக்குக் கம்பெனி கிட் மாறும், எண்ணும் மாறும். கும்பகோணத்தில் ஒரு தடவை, தஞ்சாவூரில் ஒரு தடவை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து “ஏறிவிட்டது” என்று பயப்படாதீர்கள். தொடர்ந்து பார்ப்பதானால் ஒரே கூடத்தில், ஒரே முறையில் பாருங்கள். பழைய சீட்டைத் தூக்கிப் போடாமல் தேதி வாரியாகக் கோத்து வையுங்கள்.

பெரியவருக்கு ஸ்கேனில் பித்தக்குழாயில் கல் தெரிந்தது. குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். மாசி முடிகிற சமயம் மறுபடி வந்தார், கண் வெளுத்திருந்தது. அதே கூடம், அதே கிட், சிஏ 19-9 இந்தத் தடவை 24. மகன் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, “அப்பா, வாங்க, எதிர்ல காபி சாப்பிட்டுட்டுப் போவோம்” என்றார். பெரியவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, “ஜீனி போடலாமில்ல தம்பி?” என்று கேட்டார். போடலாம் என்றேன்.